பெரிய ஹைபிரிட் பிக்கப் எங்கள் ஊருக்குச் சரிவருமா? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டாரில் எட்டு வருசம் பெரிய பிக்கப் ஓட்டிவிட்டு வந்த என் மச்சான், களுவாஞ்சிகுடிக்கு வந்த இரண்டாம் நாளே என் பழைய டபுள் கெப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது என்ன மச்சான், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. ஒரு டுண்ட்ரா ஹைபிரிட் எடுப்பமா? எண்ணெயும் மிச்சம், இழுவையும் இருக்கும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கடைக்குள் போய் அளவு நாடாவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, எங்கள் ஒழுங்கைக் கேற்றை அளக்கச் சொன்னேன். ஏழு அடி ஒரு அங்குலம். டுண்ட்ராவின் அகலம், பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு, ஆறு அடி எட்டு அங்குலம். அதாவது இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம்தான் இடம். கண்ணாடியை விரித்தால் அதுவும் இல்லை.

மச்சான் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. எனக்கு ஹார்ட்வெயாரும் பசளையும் விற்கிற தொழில். சாமான் ஏற்றாத நாள் கிடையாது. ஆகவே நானும் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வந்து நின்ற இடம் நான் நினைத்த இடமில்லை. எரிபொருள் மிச்சம் என்று சொல்லி இந்த வண்டியை எடுப்பவர் ஏமாந்து போவார். வண்டியிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் கரண்ட் எடுக்க வாங்குபவருக்குத்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கும். ஏன் என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கே நாம் டபுள் கெப் என்று சொல்வது, ஹைலக்ஸ் மாதிரி நடுத்தர அளவு வண்டி. அமெரிக்காவில் பெரிய பிக்கப் என்றால் ஃபோர்ட் எஃப்-150, டொயோட்டா டுண்ட்ரா, செவர்லே சில்வராடோ, ராம் 1500. ஹைலக்ஸ் 5.3 மீற்றர் நீளம். டுண்ட்ரா 5.9 மீற்றர். அகலத்திலும் ஹைலக்ஸை விட ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் கூட.

பெரிய பிக்கப்பில் ஹைபிரிட் என்பது நேற்று வந்த விசயம் இல்லை. ஜெனரல் மோட்டர்ஸ் 2000களின் நடுவிலேயே சில்வராடோவில் ஒரு சின்ன ஹைபிரிட் போட்டுப் பார்த்தது. அதிலேயே பின்னால் பிளக் குத்தும் சொக்கற் இருந்தது. அப்புறம் 2009 முதல் 2013 வரை 6 லீற்றர் வி8 எஞ்சினோடு கொஞ்சம் பெரிய முறை ஒன்று. இரண்டையும் வாங்க ஆள் குறைவு. உண்மையாகவே தெருவுக்கு வந்தது 2021 எஃப்-150 பவர்பூஸ்டும் 2022 டுண்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸும்தான்.

இரண்டும் ஒரே யோசனை: எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் ஒரு மின்மோட்டர். எஃப்-150இல் 3.5 லீற்றர் இரட்டை டர்போ வி6 எஞ்சின், 35 கிலோவாட் மோட்டர், 1.5 கிலோவாட் மணி பெட்டரி, எல்லாம் சேர்ந்து 430 குதிரை வலு. டுண்ட்ராவில் பின் இருக்கைக்கு அடியில் 1.87 கிலோவாட் மணி பெட்டரி, மொத்தம் 437 குதிரை வலு. நம் வீட்டு மீற்றர் கணக்கில் சொன்னால் அந்தப் பெட்டரிகளில் இருப்பது ஒன்றரை, இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாமே இதில்தான் வந்து முடியும்.

இதைத் தவிர இரண்டு வகை உண்டு. ஒன்று 48 வோல்ட் உதவி ஹைபிரிட்: ராம் 1500இன் ஈ-டோர்க், ஹைலக்ஸ் 48வி. இதில் மோட்டர் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. மற்றது பிளக் குத்திச் சார்ஜ் செய்யும் வகை: பிஒய்டி ஷார்க் 6, ஃபோர்ட் ரேஞ்சர் பிளக்-இன். இவை பெரிய பிக்கப் இல்லை, டபுள் கெப் அளவுதான். ஆனாலும் நம் ஊருக்கு இவற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது.

படி 1: ஒரு கிழமைக்கு ஒரு கொப்பி

வண்டி பார்க்கப் போக முதல், இப்போது இருக்கிற வண்டியில் ஒரு கொப்பியை வையுங்கள். ஏழு நாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு விசயம் எழுதுங்கள்: எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு சுமை, எத்தனை ஆள், எந்த வீதி. போகத்தை ஒட்டி எழுதினால் இன்னும் நல்லது. பெரும்போக அறுவடை மாசமும் சும்மா கிடக்கிற மாசமும் ஒன்றில்லை.

என் கொப்பி இப்படி வந்தது: திங்கள், களுவாஞ்சிகுடி – கல்முனை – களுவாஞ்சிகுடி, 14 பைக்கற் சீமெந்து. செவ்வாய், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் பசளை, மண் றோட்டு, போகும்போது பாரம், வரும்போது வெறுமை. புதன், ஒரே இடத்தில் நின்றது. வியாழன், மட்டக்களப்பு டவுனுக்கு இரண்டு தரம். கிழமைக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. ஒரு நாளைக்கு 60ஐத் தாண்டிய நாள் ஒன்றே ஒன்று. கொழும்புக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு ஓட்டம்.

இதை எழுதாமல் காட்சியறைக்குப் போனால் வாங்குவது உங்கள் தேவைக்கான வண்டியாக இருக்காது, விற்பவரின் வாய்க்கான வண்டியாகத்தான் இருக்கும்.

படி 2: நாடா

கேற், கராஜ் வாசல், வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் ஆக ஒடுக்கமான இடம், மதகு, வயல் வட்டைக்குள் போகும் வாய்க்கால் வரம்பு. எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். எஃப்-150 கண்ணாடி விரித்த நிலையில் 2.4 மீற்றர், கிட்டத்தட்ட எட்டு அடி. காத்தான்குடியின் உள் ஒழுங்கைகளிலோ, சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமோ எதிரே ஒரு ஓட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். யார் போவது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீளமும் பிரச்சினைதான். கல்முனைப் பஸாரில் சனிக்கிழமை ஒரு ஹைலக்ஸை விட இடம் தேடுவதே பெரும்பாடு. வாவியைக் கடக்கும் குருமண்வெளி – மண்டூர் பாதையில் (மிதவைப் படகில்) ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் இரண்டரைத் தொன்னுக்கு மேல் நிறையுள்ள வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பாதைக்காரர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் படியிலேயே பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பெரிய பிக்கப் முடிந்துவிடும். அவர்கள் தொடர்ந்து படிக்க வேண்டியது டபுள் கெப் அளவு ஹைபிரிட்டை மனதில் வைத்து. மிச்ச இரண்டு பேர், அகலமான வளவும் பிரதான வீதி முகப்பும் இருப்பவர்கள், அறுகம்பையில் விடுதி வைத்திருப்பவர் மாதிரி ஆட்கள், பெரியதையே பார்க்கலாம்.

படி 3: ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

எஃப்-150, டுண்ட்ரா எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வருவது இடப்பக்க ஸ்டியரிங்கோடு. நம் நாட்டில் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியைச் சாதாரணமாக இறக்கிப் பதிவு செய்ய முடியாது. மத்திய கிழக்கில் ஓட்டிய அதே வண்டியை அப்படியே கப்பலில் ஏற்றலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

வலப்பக்க ஸ்டியரிங்கோடு டுண்ட்ரா ஹைபிரிட் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் வைத்து மாற்றிக் கட்டி, 2024 முடிவில் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அப்போது விலை, அங்கேயே, 155,990 அவுஸ்திரேலிய டொலர். இதற்கு மேல் நம் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீத வற் எல்லாம் சேரும். உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவு ஏற ஏற ஏறும், 3.4 லீற்றர் எஞ்சின் என்பது அந்த ஏணியின் உச்சிப் பக்கம். 2020 பங்குனியில் மூடிய இறக்குமதி 2025 மாசியில் தனியாருக்குத் திறந்ததிலிருந்து வரி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், முற்பணம் கொடுக்கும் கிழமையில் அமுலில் இருக்கிற வர்த்தமானியைப் பாருங்கள். போன மாசம் யாரோ சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

யாராவது ஊர் கராஜில் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாற்றித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பழைய லொறிக்குச் செய்த வேலை இல்லை இது. ஹைபிரிட்டில் பிரேக் மிதியும் மோட்டரும் கொம்பியூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் வண்டியை நிறுத்தும்.

படி 4: எண்ணெய்க் கணக்கு

இதுதான் மச்சானுக்குப் பிடிக்காத பகுதி.

அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி நான்கு சக்கர இழுவை உள்ள 2021 எஃப்-150 பவர்பூஸ்ட் கலப்பு ஓட்டத்தில் கலனுக்கு 24 மைல். நம் கணக்கில் லீற்றருக்கு 10.2 கிலோமீற்றர். டுண்ட்ரா ஹைபிரிட் 20 மைல், அதாவது 8.5 கிலோமீற்றர். இரண்டுமே பெற்றோல். நல்ல நிலையில் இருக்கிற ஒரு டீசல் டபுள் கெப் 12 கிலோமீற்றரை ஒட்டிக் கொடுக்கும். மாசம் 1,500 கிலோமீற்றர் ஓடினால்:

டீசல் டபுள் கெப் – 125 லீற்றர்
எஃப்-150 ஹைபிரிட் – 147 லீற்றர்
டுண்ட்ரா ஹைபிரிட் – 176 லீற்றர்

இன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஹைபிரிட் என்ற சொல் மிச்சம் பிடித்துக் கொடுப்பது அதே வண்டியின் ஹைபிரிட் இல்லாத வகையோடு ஒப்பிடும்போதுதான். டுண்ட்ராவில் அந்த வித்தியாசமும் கலனுக்கு ஒரு மைலைப் போலத்தான். அங்கே மோட்டரைப் போட்டது வலுவுக்காக. 389 குதிரை வலுவை 437 ஆக்கியது. சிக்கனம் அதோடு சேர்ந்து வந்த கொசுறு.

நம் நிலமும் ஹைபிரிட்டுக்கு முழுதாக ஒத்துழைக்காது. ஹைபிரிட்டின் சாமர்த்தியம் பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியைப் பிடித்துப் பெட்டரியில் போடுவது. கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர் டவுனுக்குள் நின்று நின்று போனால் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு ஒரே வேகத்தில் போகிற ஓட்டத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. கண்டிக்குப் போய்வரும்போது மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் இறங்கினால் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் ஒன்றரை யூனிட் பெட்டரி, அடிவாரம் வர முதலே நிரம்பிவிடும். அப்புறம் பழைய வண்டி மாதிரியே கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். பெட்டரியை நம்பி மிதியிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் சூடேறும்.

பிளக் குத்தும் வகையில் கணக்கு வேறு. ஷார்க் 6இல் 29.6 கிலோவாட் மணி பெட்டரி. கம்பனி சொல்வது மின்சாரத்தில் மட்டும் 100 கிலோமீற்றர். ஏசியும் பாரமும் சேர்த்து நான் 70 என்றுதான் எடுப்பேன். என் கொப்பியின்படி அது கிழமையில் ஆறு நாளுக்குப் போதும். பெற்றோல் செட் பக்கமே போகத் தேவையில்லை.

சரி, கரண்ட் பில்? 40 கிலோமீற்றருக்கு, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து, 14, 15 யூனிட் போகும். மாசம் 26 நாள் என்றால் 350ஐத் தாண்டும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிட்டுக்கு மேல் போனால் ஆகக் கூடிய விலை. ஆகவே பிளக்-இன் எடுப்பவர் வாங்குவதற்கு முன்பே மின்சார சபையில் நேரவாரிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். அதில் இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 முதல் 10.30 வரை கூட. கூரையில் சோலார் இருந்தால் பகலில் வண்டி வீட்டில் நிற்கிறதா என்று கொப்பியைப் பாருங்கள். நிற்காவிட்டால் அந்தச் சோலார் இந்த வண்டிக்கு நேரடியாக உதவாது.

படி 5: சுமை

பெரிய வண்டி என்றால் பெரிய சுமை என்று நினைப்பது இயல்பு. இங்கேதான் பலரும் சறுக்குவது. அவுஸ்திரேலியாவில் விற்கிற டுண்ட்ரா ஹைபிரிட்டின் சுமை எல்லை 758 கிலோ. ஒரு சாதாரண ஹைலக்ஸ் ஒரு தொன்னை ஒட்டி ஏற்றும். எஃப்-150 ஹைபிரிட் ஆகக் கூடியது 960 கிலோ, அதுவும் எல்லா வகையிலும் இல்லை. மோட்டர், பெட்டரி, தோல் இருக்கை, பெரிய திரை எல்லாவற்றின் பாரமும் அந்த எல்லையிலிருந்துதான் கழிபடும்.

அந்த 758இல் ஆட்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போயிற்று. மிச்சம் எட்டுப் பைக்கற் சீமெந்து. அதற்கு ஒரு பட்டா ரகச் சின்ன லொறி போதுமே!

தொட்டியின் நீளத்தையும் பாருங்கள். நான்கு கதவு உள்ள பெரிய பிக்கப்பில் வழமையாக வருவது ஐந்தரை அடித் தொட்டி. என் கடையில் பைப் எல்லாம் 4 மீற்றர், 6 மீற்றர். வண்டி 5.9 மீற்றர் நீளம், ஆனால் பைப் வைக்கிற இடம் என் பழைய கெப்பை விட ஒரு சாண் மட்டும்தான் கூட. மீதி நீளம் முழுக்க மூக்கும் இருக்கையும்.

இழுவையில்தான் பெரியது உண்மையாகவே பெரியது: டுண்ட்ரா 4,500 கிலோ, ரேஞ்சர் பிளக்-இன் 3,500, ஷார்க் 2,500. ஆனால் இங்கே நாம் எதை இழுக்கிறோம்? வாழைச்சேனையிலோ கல்லாற்றிலோ ஒரு ஃபைபர் வள்ளத்தை எஞ்சினோடு ட்ரெயிலரில் ஏற்றினாலும் ஷார்க்கின் எல்லைக்குப் பாதிதான் வரும். லேண்ட் மாஸ்டரை ஏற்றி இழுத்தாலும் அப்படித்தான். பெரிய டிராக்டரையோ பெக்கோவையோ ஏற்றி இறக்குவது தொழிலாக இருந்தால் மட்டும் 4,500க்கு அர்த்தம் உண்டு. இழுக்கும்போது பிளக்-இன்னின் மின் ஓட்ட தூரம் பாதிக்கும் கீழே விழும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 6: கரண்ட்

இப்போது வருகிறேன் நான் சொல்ல வந்த விசயத்துக்கு.

2021 மாசியில் டெக்சாஸில் பனிக்குளிரில் மின்சாரம் போனபோது எஃப்-150 ஹைபிரிட் வைத்திருந்தவர்கள் வண்டியிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுத்தார்கள். நமக்குக் குளிர் இல்லை, மாரி இருக்கிறது. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் படுவான்கரைக்குக் கரண்ட் வர எத்தனை நாள் என்பது நமக்குத் தெரியும். மீன் வாடியில் ஐஸ், கடையில் ஃப்ரீஸர், வீட்டில் கிணற்று மோட்டர், எல்லாம் அதோடு நின்றுவிடும்.

எஃப்-150 ஹைபிரிட்டில் 2.4 கிலோவாட் சாதாரணமாக வரும், மேலதிகமாகக் காசு கொடுத்தால் 7.2 கிலோவாட். ஷார்க்கிலும் ரேஞ்சர் பிளக்-இன்னிலும் 6 கிலோவாட்டுக்கு மேல். மூன்றும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்றில்லை.

அமெரிக்க எஃப்-150 தருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். 7.2 கிலோவாட் வகையில் 240 வோல்ட் சொக்கற்றும் உண்டு, ஆனால் அதுவும் 60 ஹேர்ட்ஸ். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பல்புக்கும் போன் சார்ஜருக்கும் இது பிரச்சினை இல்லை. தண்ணீர் மோட்டருக்குப் பிரச்சினை. 50க்குச் செய்த மோட்டரை 60இல் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். சுற்றி இறைக்கும் பம்பில் வேகம் 20 வீதம் கூடினால் வலு 70 வீதத்துக்கு மேல் கூடக் கேட்கும். தண்ணீர் ஜோராக வரும், கொஞ்ச நேரத்தில் கம்பிச்சுருள் எரிந்த மணமும் வரும். அதனால் எந்தப் பிக்கப் எடுத்தாலும் அதன் சொக்கற் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸா என்று ஏட்டில் பாருங்கள். அவுஸ்திரேலியாவுக்கென்றே செய்த ஷார்க், ரேஞ்சர் மாதிரி வண்டிகளில் நமக்கு ஒத்த மின்சாரம்தான் வரும், பிளக்கின் முள் மட்டும் வேறு.

போன மாரியில் கல்லாற்றில் ஒரு கூட்டாளியின் பிளக்-இன் டபுள் கெப்பில் இதைச் செய்து பார்த்தோம். தொட்டிச் சொக்கற்றிலிருந்து நீட்டு வயர் இழுத்து ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலு லைட். ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு குதிரை வலுக் கிணற்று மோட்டரைப் போட்டோம். "ம்ம்ம்" என்று ஒரு முனகல், லைட் மங்கியது, டக்கென்று எல்லாம் நின்றது. வண்டிக்குள் திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை. கூட்டாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டர் ஓடும்போது எடுப்பது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான், ஆனால் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோட்டரைத் தனியாக வேறு சொக்கற்றில் குத்தினோம். கிளம்பிவிட்டது. தொட்டி நிறைந்த பிறகு மோட்டரை நிறுத்தி மற்றதைப் போட்டோம். ஒழுங்கு இதுதான்: பெரியது முதலில், தனியாக.

பெட்டரியின் அளவு வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், போன், ஒரு நாளைக்கு 5, 6 யூனிட். கிட்டத்தட்ட 30 யூனிட் பெட்டரி உள்ள வண்டி எஞ்சினைத் தொடாமலே மூன்று, நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். ஒன்றரை யூனிட் பெட்டரி உள்ள எஃப்-150 சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எஞ்சினைத் தானாகக் கிளப்பிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஓடும், ஆனால் அது சில்லு வைத்த ஜெனரேட்டர்தான்.

அந்தத் "தானாகக் கிளப்பும்" என்பதைத் திரும்பப் படியுங்கள். அடைத்த கராஜுக்குள்ளோ, படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழேயோ நிறுத்தி இரவில் கரண்ட் எடுக்கக் கூடாது. நீங்கள் நித்திரையில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பும். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இன்னொன்று. இரண்டு பக்கமும் முள் வைத்த வயரைச் செய்து வீட்டுச் சொக்கற்றில் குத்தி வீடு முழுக்கக் கரண்ட் விடுகிற யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். அந்தக் கரண்ட் வெளிக்கம்பிக்கும் போகும், அறுந்த கம்பியைக் கட்ட வந்த ஊழியரின் கைக்கும் போகும். வெளிக்கம்பியைத் துண்டித்து வண்டிக் கரண்டுக்கு மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு, அதையும் தெரிந்த எலெக்ட்ரீஷியன் போட்டால் மட்டும்தான் சரி. வண்டியிலிருந்து வரும் கரண்டில் நம் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வழமை போல வேலை செய்யும் என்று நம்பவும் முடியாது. எர்த் இணைப்பை அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். சாமான்களை நேரடியாக வண்டியில் குத்துவதுதான் ஆகப் பாதுகாப்பு.

இப்போது கணக்கு மாறுகிறது, பாருங்கள். ஒரு நல்ல சத்தமில்லாத ஜெனரேட்டர், அதற்குப் பெற்றோல், அதை வைக்க இடம், வருசத்தில் பத்து மாசம் சும்மா கிடப்பது. அதற்குப் போகிற காசை வண்டிக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் பிளக்-இன் டபுள் கெப் திடீரென்று நியாயமாகத் தெரியும். கரண்ட் தேவை இல்லாதவருக்கு அப்படித் தெரியாது. அவர் டீசல் கெப்பிலேயே இருக்கலாம்.

படி 7: வெள்ளம், உப்பு, எலி

ஹைலக்ஸ் 48வியில் தண்ணீரில் இறங்கும் ஆழம் சாதாரண ஹைலக்ஸ் போலவே 700 மில்லிமீற்றர் என்கிறது டொயோட்டா. ஷார்க் 6க்கும் அதே எண்தான். முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ். அந்த எண் நிற்கிற தண்ணீருக்கு, மெதுவாக ஓட்டுபவருக்கு. கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் குறுக்கே ஓடுகிற தண்ணீருக்கு எந்தக் கம்பனியும் எண் தரவில்லை. 2024 கார்த்திகையில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே பிள்ளைகளோடு சாய்த்தது. உயரமான வண்டி என்ற தைரியம் அந்த இடத்தில் வேண்டாம்.

ஹைபிரிட் என்பதால் தண்ணீரில் ஷொக் அடிக்குமா என்று கேட்கிறார்கள். உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் உறையில், நன்றாக அடைத்து வருகின்றன. கோளாறு கண்டால் வண்டியே இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கி நின்ற ஹைபிரிட்டை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். முகத்துவாரத்திலோ கல்லடியிலோ கடற்கரை மணலில் வண்டியை இறக்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். எஃப்-150இன் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் அடிச்சட்டம் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் உப்பு தன் வேலையைக் காட்டும். அலுமினியத்தை நெளிவெடுக்க இரும்பு தட்டுகிற டிங்கர் பாஸிடம் போகவும் முடியாது.

எலியைப் பற்றி எந்தக் கம்பனி ஏட்டிலும் விரிவாக எழுத மாட்டார்கள். நெல் ஸ்டோருக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறவர் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண வண்டியில் எலி கடித்தால் ஒரு துண்டு வயர். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் கம்பியைக் கடித்தால் முழுத் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள்.

படி 8: ஓட்டிப் பார்ப்பதும் பாஸிடம் காட்டுவதும்

காட்சியறைக்காரர் பிரதான வீதியில் ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுப்பார். போதாது. கெஞ்சியாவது உங்கள் கொப்பியில் இருக்கிற ஒரு ஓட்டத்தை ஓடுங்கள்: டவுனுக்குள் நின்று நின்று, பிறகு மண் றோட்டில், பிறகு உங்கள் கேற்றுக்குள். ஏசியை முழுக்க வைத்து வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தி, எஞ்சின் எத்தனை தரம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். ஆகக் குறைந்த வேகத்தில் பிரேக்கை மெதுவாக மிதியுங்கள்; மோட்டர் பிடிப்பிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். பழகலாம், ஆனால் தூக்கிப் போட்டால் வேண்டாம் என்று வாருங்கள்.

அடுத்தது கராஜ். எந்தப் பாஸும் ஹைபிரிட் செய்வேன் என்றுதான் சொல்வார். பிரியஸ், அக்குவா, வெகன் ஆர் என்று ஊர் முழுக்க ஓடுவதால் அது பொய்யும் இல்லை. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உயர் மின்னழுத்தத்துக்கான இறப்பர்க் கையுறை இருக்கிறதா? இந்த மொடலைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிறதா? பெட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு, உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் இறங்க எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "ஏன் பொறுக்க வேணும்?" என்று பதில் வந்தால் அவரிடம் டயர் மட்டும் மாற்றுங்கள்.

உத்தரவாதமும் அப்படித்தான். டொயோட்டா அமெரிக்காவில் ஹைபிரிட் பெட்டரிக்கு 10 வருசம், ஃபோர்ட் 8 வருசம் கொடுக்கின்றன. அந்த வருசங்கள் அங்கே விற்ற வண்டிக்கு. இங்கே யாரிடம் வாங்குகிறீர்களோ அவர் எழுத்தில் தருவதுதான் உங்களுக்கு உத்தரவாதம்.

பழைய ஹைபிரிட் எடுப்பவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். பெட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருந்து, காற்றால் குளிர்கிற வகை என்றால், இருக்கை ஓரத்தில் ஒரு வலைச் சட்டம் இருக்கும். அதன் வழியாகத்தான் பெட்டரிக்குக் காற்று போகும். அது அடைபட்டால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். நானும் மச்சானும் போன மாசம் ஒரு பழைய ஹைபிரிட் பார்க்க அம்பாறைப் பக்கம் போனோம். விற்கிறவர் "வீட்டுப் பாவிப்பு மட்டும்தான் தம்பி, வயல் பக்கமே போகாத வண்டி" என்றார். மச்சான் அந்த வலையைக் கழற்றி, பத்திரிகைத் தாளில் மெதுவாகத் தட்டினார். தூசியோடு ஒரு பிடி உமியும், முளைத்துக் காய்ந்த இரண்டு நெல்லும் விழுந்தன.